அறை வாசலில் ஒரு கழி

நடந்தவற்றைச் சொல்லத் தொடங்குமுன், அப்போது என் நிலை என்னவாக இருந்தது என்பதைச் சொல்லிவிடுவது முறை. பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள எங்கள் குப்பத்திலிருந்து கல்லூரிக்குச் சென்று பட்டம் பெற்ற முதல் ஆள் நான். அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். என் மேசையில் எந்தக் கோப்பும் மூன்று நாட்களுக்கு மேல் தங்கியதில்லை. இரண்டு கட்டுரைத் தொகுதிகள் என் பெயரில் அச்சாகியிருந்தன. அவற்றில் ஒன்று இரண்டாம் பதிப்பும் கண்டது. குப்பத்தில் என்னைப் பெயர் சொல்லி அழைப்பவர் எவருமில்லை; எல்லோருக்கும் நான் 'சாரு'. தெருவில் நான் வந்தால், கைலியை மடித்துக் கட்டியிருப்பவர்கள் மடிப்பை இறக்கிவிடுவார்கள். பெருமைக்காக இதை எழுதவில்லை. பின்னால் வருவதற்கு இது தேவைப்படும்.

ஓய்வு பெற்ற நாள் முதல் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்லி வந்தேன். ஏரியின் முகத்துவாரம் மணல் மூடி அடைபட்டுப்போன ஓர் ஆண்டில் ஒரு குடும்பம் பிழைத்த கதை அது. நூலகக் கூட்டத்தில் சொன்னேன். கல்யாண வீடுகளில் சொன்னேன். பழைய அலுவலக நண்பர்களிடம் தொலைபேசியிலும் சொன்னேன். இப்படி ஆறு ஆண்டுகள் கழிந்தன. சென்னையிலிருக்கும் என் பதிப்பாளர் அதை நம்பித் தம் நூற்பட்டியலில் 'விரைவில்' என்று அட்டைப்படத்துடன் வெளியிட்டுவிட்டார். மார்கழி முடிவதற்குள் கைப்பிரதி அவர் கையில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பட்டியல் வாட்ஸ்அப்பில் எங்கள் குப்பத்துக்கும் வந்து சேர்ந்தது. அது ஆவணி மாதம். நான் எழுதி முடித்திருந்தவை பதினான்கு பக்கங்கள். அந்த எண் எனக்கும் என் மனைவிக்கும் மட்டுமே தெரியும்.

பதினான்கில் நின்றதற்குக் காரணம் வருகையாளர்கள் என்று நான் உறுதியாக நம்பினேன். காலைத் தேநீர் ஆறுவதற்குள் ஒருவர் வந்துவிடுவார். ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க மனு, மின் இணைப்புக்கு விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கு நான்கு வரி. கடைசியாகச் சொன்னதற்குத் தவணை கேட்க முடியாது. பக்கத்து ஊரான தோணிரேவிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள்.

"வர்றவங்கள அப்பால வான்னு சொல்றதுக்கு வாய் இல்லியா? ஆபீசுல அத்தினி பேரத் திருப்பி அனுப்சீங்களே" என்றாள் மனைவி.

"அங்கே விதி இருந்தது. இங்கே எதைக் காட்டித் திருப்பி அனுப்புவது?"

"அப்ப இங்கயும் ஒரு விதி போடுங்கோ."

அது நியாயமாகப்பட்டது. ஒரு பலகை வாங்கி, வெள்ளை வண்ணம் பூசி, என் கையாலேயே எழுதி வாசலில் மாட்டினேன். 'காலை ஆறு முதல் பதினொன்று வரை எழுத்துப் பணி நடைபெறும். பார்வையாளர் நேரம் மாலை நான்கு முதல் ஐந்தரை வரை.'

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒருவர் பலகையின் முன் நின்று, எழுத்துக்கூட்டி முழுவதையும் படித்தார். பிறகு உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னா சாரு, அச்சடிச்ச மாரியே எழுதிக்கீறீங்கோ!"

"படித்தீர்களா?"

"படிச்சேன், படிச்சேன். இப்டித்தான் கண்டிசனா இருக்கணும். ஒருத்தனையும் உள்ள வுடாதீங்கோ. நான் ஒரே நிமிசம்."

அவருடைய ஒரு நிமிடம் பத்தரை மணிக்கு முடிந்தது. அந்த வாரம் முழுவதும் வந்த ஒவ்வொருவரும் பலகையைப் பாராட்டினார்கள். ஒருவரும் அது தமக்கானது என்று எண்ணவில்லை. எனக்குக் கோபத்தைவிட வியப்பே மிகுந்தது. எங்கள் ஏரியில் வேலியில்லை, பூட்டில்லை, காவலில்லை. வலை கட்டும் இடங்களைச் சீட்டுப் போட்டு ஆளுக்கு இன்ன நாள் என்று பிரித்துக்கொள்வது எங்கள் வழக்கம். அந்த இடத்தையும் முறையையும் பாடு என்போம். தன் நாளில் ஒருவன் ஒரு கழியை ஊன்றித் துணியைக் கட்டிவிட்டால், எத்தனை பெரிய முரடனும் படகைத் திருப்பிக்கொண்டு சுற்றித்தான் போவான். ஒரு துண்டு மூங்கிலுக்கு அடங்குகிறவர்கள் என் எழுத்துக்கு ஏன் அடங்கவில்லை?

கேள்வி பிறந்ததும் சோதித்துப் பார்க்கும் ஆசையும் பிறந்தது. மனைவியின் தம்பி, என் மச்சினன், ஏரியில் தொழில் செய்பவன். அவனிடம் ஒரு கழி கேட்டேன். ஆளுயரத்துக்கு இரண்டு பங்கு நீளமான ஒன்றைத் தோளில் வைத்துக் கொண்டுவந்தான்.

"எதுக்கு மாமா, பந்தலா?"

"எழுதுவதற்கு."

அவன் கழியை அடியிலிருந்து நுனிவரை ஒருமுறை பார்த்தான். "பேனா கொஞ்சம் பெருசாத்தான் கீது."

சிரிக்காமல் விளக்கினேன். அவனும் சிரிக்காமல் வாசல் மணலில் ஊன்றித் தந்தான். மனைவியின் பழைய சிவப்புப் புடவையிலிருந்து ஒரு முழம் கிழித்துக் கட்டினேன்.

"என் புடவையக் கிழிச்சி என்னையே உள்ள வராதன்றீங்களா?" என்று அவள் கேட்டபோது நான் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த இரு நாட்களும் வரவில்லை. வாசல்வரை வந்தவர்கள் கழியைப் பார்த்ததும் செருப்புச் சத்தம் குறைய ஒதுங்கிப் போவதை அறையிலிருந்து கேட்டேன். அரசாணைக்கு நிகரான ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட நிறைவு எனக்கு.

அந்த மூன்று நாட்களும் நான் செய்தவற்றை மறைக்காமல் எழுதுகிறேன். நாளிதழை முதல் பக்கத்திலிருந்து ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகள் வரை படித்தேன். பேனாவைப் பிரித்து வெந்நீரில் கழுவினேன். சுவர்க் கடிகாரம் ஏழு நிமிடம் கூடுதலாக ஓடுவதைக் கண்டறிந்து சரிசெய்தேன். பக்கங்கள் பதினான்கு. இப்போது பழி போட ஒருவரும் வரவில்லை என்பதுதான் பெரிய சங்கடமாக இருந்தது.

நான்காம் நாள் காலை நாளிதழின் பின்பக்கத்தில் இருந்தேன். சன்னலில் ஒரு நிழல் விழுந்தது. எதிர்வீட்டில் இருக்கும் மீன் விற்கும் அம்மாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். சிறுவயதில் என்னைத் தோளில் தூக்கியதாகச் சொல்லிக்கொள்பவர். குப்பத்தில் என்னைச் 'சாரு' என்றும் 'நீ' என்றும் ஒரே வாக்கியத்தில் அழைப்பவர் அவர் ஒருவர்தான். என் கையிலிருந்த நாளிதழைப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஏழரைக்கு, கழியைத் தாண்டி, நேராக அறைக்குள் வந்து தரையில் உட்கார்ந்தார்.

"கழி நிற்கிறதே, பார்க்கவில்லையா?"

"கழி நிக்குது சாரு, வலை எங்க?"

"என்ன வலை?"

"நேத்தும் நீ பேப்பர்தான் படிச்சிகினு இருந்த, இன்னிக்கும் அத்தத்தான் படிக்கிற. வெயிலு பனை ஒசரம் ஏறிப்போச்சி. அதுக்குள்ள வலை கட்டாதவன் பாடு அடுத்த ஆளுக்கு. ஊர் வழக்கம் உன்கு தெரியாதா? அடுத்த ஆளு நான்தான். எழுது."

அவருக்கு வேண்டியது பேத்தியின் காதுகுத்துப் பத்திரிகைக்கான வாசகம். நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். என் வீட்டில், என் அறையில், என் நேரத்தை எடுத்துக்கொள்ள எவருக்கும் வழக்கம் துணைவராது என்று சொன்னேன். அவர் அசையவில்லை.

"அப்ப வா, கொட்டாய்ல கேப்போம்."

வலைக் கொட்டகையில் காலை வேளையில் பெரியவர்கள் வலை பழுது பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாடு முறையில் எழும் வழக்குகளை அங்கேயே பேசி முடிப்பார்கள். கஞ்சி போட்ட சட்டையை அணிந்துகொண்டு போனேன். மச்சினனும் அங்கிருந்தான். எண்பதைத் தாண்டிய ஊர்ப்பெரியவர் எங்கள் இருவர் பேச்சையும் கேட்டு முடித்து, கையிலிருந்த நூலை அறுத்தபின் என்னைப் பார்த்தார்.

"தம்பி, மொதல்ல ஒண்ணு சொல்லு. கழி நட உன்கு பேரு ஏது?"

எனக்குப் புரியவில்லை. அல்லது, புரிந்ததை ஒத்துக்கொள்ள விருப்பமில்லை. பாடு முறையில் பங்குள்ளவர்களின் பெயர்கள் ஒரு பட்டியலில் இருக்கும். பட்டியலில் இல்லாதவன் ஏரியில் கழி ஊன்ற முடியாது.

"உங்க நைனா பேரு இருந்துச்சி. அவரு போனதும் உன் பேர எழுத வந்தோம். 'எனக்கு வேணாம், நான் காலேஜுக்குப் போறேன், என் பேர இந்தக் கொட்டாய்ல எழுதாதீங்க'ன்னு இதோ, இந்தக் கம்பத்தாண்ட நின்னு சொன்ன."

அது உண்மை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தேவைக்கு மேல் உரத்துச் சொன்னேன் என்பதும் உண்மை. இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் அதை என்னிடம் நினைவூட்டியதில்லை. மறந்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

"வேணாம்னு சொன்னவரு இப்ப புடவைத் துணி கட்டிக் கழி நட்டுகினுகீறாரு" என்றார் மீன் விற்கும் அம்மாள். யாரோ சிரித்தார்கள். மச்சினன் தலையைக் குனிந்து வலையை மும்முரமாகப் பார்த்தான்.

பெரியவர் சிரிக்கவில்லை. "சாரு எழுதினாத்தான் நம்ம மனுவெல்லாம் மேல போவுது. அவரு ரூமுக்கு அவரு பேர சேத்துக்குவோம். ஏரிக்கு இல்ல, ரூமுக்கு மட்டும். ஆனா வழக்கம் வழக்கந்தான். வலை கட்டலன்னா அடுத்த ஆளு வரலாம்."

அங்கே எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. வழக்கில் வெல்வதைவிட அதைத் தீர்த்துக்கொள்ளும் ஆசை மேலோங்கியது. எழுத்தாளன் பல மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க நேரும், யோசனையும் வேலைதான், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சோம்பலாகத் தெரியும், அதை எப்படிப் பிரித்தறிவீர்கள் என்று கேட்டேன்.

இதற்கு அவர்கள் திணறுவார்கள் என்று எதிர்பார்த்தேன். பெரியவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"வலைய தண்ணில கட்டிட்டு ஒக்காந்துகினு இருந்தா அது தொழிலு. எத்தினி நேரம் ஒக்காந்தாலும் எவனும் கேக்க மாட்டான். வலைய படகுல வெச்சிகினு ஒக்காந்திருந்தா அது சும்மா. இதுல இன்னா கீது பிரிச்சிப் பாக்க?"

"அறையில் வலை எது?"

"அத்த நீ சொல்லு. நீதான எழுதறவன்."

வேறு வழியின்றிச் சொன்னேன். மேசையில் எழுதாத தாள், மூடி திறந்த பேனா, எதிரே நான்: வலை தண்ணீரில் இருக்கிறது. நாளிதழ் கையில் இருந்தால் வலை படகில் இருக்கிறது. அப்படியே முடிவாயிற்று. நான் தவறவிடும் காலைகளை யார் எடுத்துக்கொள்வது என்பதற்கும் அங்கேயே சீட்டு எழுதி ஒரு சொம்பில் போட்டுக் குலுக்கினார்கள். ஏழு பேர். முதல் சீட்டு மீன் விற்கும் அம்மாளுக்கு விழுந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்கப் போவதில்லை.

அன்றைய காலை ஏற்கெனவே தவறியதாகத் தீர்ந்ததால், வீடு திரும்பி அவருடைய பத்திரிகையை எழுதினேன். தாய்மாமன்கள் மூவர், எவர் பெயர் முதலில் வந்தாலும் மற்ற இருவரும் விழாவுக்கு வரமாட்டார்கள். பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக இல்லாமல், ஒரே வரியில், அகரவரிசைப்படி, மூவருக்கும் பொதுவான ஓர் அடைமொழியின் கீழ் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அந்த ஒரு மணி நேரமும் எனக்கு நாவல் நினைவே வரவில்லை என்பதையும், அது எத்தனை நிம்மதியாக இருந்தது என்பதையும் கவனித்தேன். ஆறு ஆண்டுகளாக என் கதவைத் தட்டியவர்களை நான் ஏன் ஒருமுறைகூடத் திருப்பி அனுப்பவில்லை என்ற கேள்விக்கு விடை அதில் இருந்தது. அது எனக்குப் பிடித்த விடையாக இல்லை.

ஆனாலும் உடனே திருந்திவிடவில்லை. மறுநாள் தாளை விரித்தேன். பேனாவின் மூடியைத் திறந்து வைத்தேன். நாளிதழை மடியில், மேசை விளிம்புக்குக் கீழே வைத்துப் படித்தேன். சன்னல் வழியே பார்த்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். முப்பது ஆண்டு அரசுப் பணி ஒருவனுக்கு இதைக்கூடக் கற்றுத் தராதா என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு மச்சினன் வந்தான். கையில் ஒரு கூடை.

"இன்னிக்கு இன்னா மாட்டுச்சி மாமா?"

"இரண்டு பக்கம்."

"காட்டுங்கோ."

"என்ன?"

"எவ்ளோ மாட்டுச்சின்னு சொன்னா கூடைய காட்டணும் இல்ல? படிச்சிக் காட்டுங்கோ, கேக்கறேன்."

குறும்பாக அவன் கேட்கவில்லை. கரையேறுகிறவனிடம் எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டான். ஆறு ஆண்டுகளாக எத்தனையோ பேரிடம் 'பாதி முடிந்துவிட்டது', 'கடைசி அத்தியாயத்தில் இருக்கிறேன்' என்று சொல்லியிருக்கிறேன். நூலகக் கூட்டத்தில் கைதட்டினார்கள். காட்டு என்று கேட்டவர் அதுவரை ஒருவருமில்லை. தாள் வெள்ளையாக இருந்தது. பேனாவின் முனை காய்ந்து போயிருந்தது. மடியிலிருந்த நாளிதழ் நான் அசைந்ததில் வழுக்கித் தரையில் விழுந்தது.

"ஒன்றுமில்லை" என்றேன். "இன்று ஒன்றும் எழுதவில்லை. மொத்தமே பதினான்கு பக்கம்தான்."

அவன் முகத்தில் ஏளனத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை.

"அத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? எனுக்கும் இன்னிக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு நண்டு. ஒண்ணுக்கு காலு இல்ல." கூடையைச் சாய்த்துக் காட்டினான். "அக்கா நாஷ்டா போட்டுச்சா? பசிக்கிது."

அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் யோசித்தேன். என் அலுவலகத்தில் ஒரு கோப்பும் நகராத நாள் அவமானம்; அதை மறைக்க மாதாந்திர அறிக்கையில் ஆயிரம் வழிகள் இருந்தன. இவன் வெறுங்கூடையை நடுவீட்டில் வைத்துவிட்டு இரண்டாவது முறை சட்னி கேட்கிறான். நாளை எத்தனை மணிக்குப் போவாய் என்று கேட்டேன். "போற நேரத்துக்குத்தான்" என்றான். இன்று ஒன்றும் கிடைக்காதது நாளைய நேரத்தை மாற்றாதா என்று கேட்டேன். நான் என்ன கேட்கிறேன் என்பதே அவனுக்கு விளங்கவில்லை.

மறுநாள் நாளிதழை மாலைக்குத் தள்ளினேன். தாளின் முன் வெறுமனே உட்கார்ந்தேன். பத்து மணிவரை ஒன்றும் இல்லை. பத்தரைக்கு, முகத்துவாரம் அடைபட்ட ஆண்டில் என் தாய் உப்பு படிந்த கால்களைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டே பேசிய ஒரு பேச்சு நினைவுக்கு வந்தது. அதை எழுதினேன். பதினொன்றுக்கு மச்சினன் வந்தான்.

"இன்னா மாட்டுச்சி?"

"அரைப் பக்கம்." படித்துக் காட்டினேன்.

"பொடி மீனுதான்," என்றான். "ஆனா உசுரோட கீது."

அவன் தினமும் வந்தான் என்று சொல்ல முடியாது. வந்த நாட்களில் தவறாமல் கேட்டான். மீன் விற்கும் அம்மாளும் தன் முறை வரும் நாட்களில் சன்னலில் எட்டிப் பார்த்தார். பேனா திறந்திருந்தால், "கட்டிட்டியா? சரி, சரி" என்று ஏமாற்றத்தோடு போவார். ஐப்பசி மழையில் சிவப்புத் துணி வெளுத்து நைந்தது. மனைவி கேட்காமலே வேறொன்று கட்டினாள். மாலை நான்கு மணிக்கு வந்தவர்களுக்கு எல்லா மனுக்களையும் எழுதிக் கொடுத்தேன்; அவர்களில் சிலரை நிறுத்தி, காலையில் எழுதியதைப் படித்துக் காட்டியதும் உண்டு. ஒரு நாள், கடலில் காற்று திரும்பும் நேரத்தை நான் தவறாக எழுதியிருந்ததைப் பெரியவரே வந்து திருத்தினார். "இந்தக் காத்துல படகு எடுத்தா அந்தக் குடும்பம் மூணாம் அதிகாரத்துலயே செத்துடும் தம்பி. கதை முடிஞ்சிடும்."

மார்கழி இருபத்தேழாம் நாள் கைப்பிரதியை மீஞ்சூர் வரை பேருந்திலும் அங்கிருந்து ரயிலிலும் நானே எடுத்துச் சென்று பதிப்பாளர் கையில் கொடுத்தேன். அவர் எடை பார்ப்பதுபோல் இரு கைகளாலும் ஏந்தினார். "ஆறு வருட உழைப்பு" என்றார். அவரைத் திருத்த அப்போது எனக்குத் துணிவு வரவில்லை.

நூல் வெளியானபின் என்னைப் பற்றிப் பலவாறு பேசப்படுகிறது. வெளியீட்டுக் கூட்டத்தில் பேசியவர், நான் ஆறு ஆண்டுகள் ஒரு காலையும் தவறாமல் எழுதிய கட்டுப்பாட்டுக்காரர் என்றார். குப்பத்தில், கொட்டகையார் என் அறையை வெளியே பூட்டிச் சாவியை மீன் விற்கும் அம்மாளிடம் கொடுத்து என்னை எழுத வைத்ததாகச் சொல்கிறார்கள். அந்த அம்மாளே அதைச் சொல்கிறார். இரண்டும் தவறு. என் அறைக்குப் பூட்டே கிடையாது. நாவலின் பதினான்கு பக்கங்கள் தவிர மற்ற அனைத்தும் நூற்றுப் பதினோரு காலைகளில் எழுதப்பட்டவை. அவற்றில் முப்பத்திரண்டு காலைகளில் ஒன்றும் கிடைக்கவில்லை. பதினேழு காலைகள் நான் தவறவிட்டவை. அவை வழக்கப்படி அடுத்தவர்களுக்குப் போயின.